தலையாட்டுகிற நோயாளி

கிள்ளான் நகரத்து வீட்டின் முன் ஹாலில் சின்னையா சாய்வு நாற்காலியில் நோயாளியாகச் சாய்ந்துகொண்டார். மருமகள் ஷாமினி கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு எதிரே வந்து நின்றாள். நாளைக்கு நர்ஸிங் செய்முறைப் பரீட்சை. போன தடவை ஃபெயில். இந்தத் தடவையும் கோட்டைவிட்டால் காலேஜை விட்டே நடையைக் கட்ட வேண்டியதுதான். புருஷன் ஜீவன் ஷிப்டுக்குப் போய்விட்டான். ஒத்திகைக்கு அகப்பட்ட ஒரே நோயாளி மாமனார். லோரி ஓட்டி ஓய்ந்த மனுஷன், நிஜமாகவே இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதிக்காரர். அந்த மட்டில் வசதி.

போன தடவை அவள் கவிழ்ந்தது சின்ன இடத்தில். மருந்தைப் பற்றி மணிமணியாக விளக்கிவிட்டு, "புரிஞ்சுதா?" என்று கேட்டாள். நோயாளியாக உட்கார்ந்திருந்த அம்மாள் தலையாட்டினாள். இவளும் நன்றி சொல்லி எழுந்துவிட்டாள். நோயாளியைத் திருப்பிச் சொல்லச் சொல்லியிருக்க வேண்டுமாம். தலையாட்ட யாருக்குத்தான் தெரியாது!

"உங்க முழுப் பேரு சொல்லுங்க, அங்கிள்."

"சின்... சின்னையா."

"அப்பா பேரோட."

அவர் கண் எங்கேயோ குத்திட்டு நின்றது.

"ரொம்ப நடிக்காதீங்க லா, மாமா," என்று சிரித்துக்கொண்டே நாடி பார்க்க மணிக்கட்டைப் பிடித்தாள். சிரிப்பு அப்படியே நின்றுபோனது. மேலே காற்றாடி சுற்றுகிறது, கையோ வேர்த்துச் சில்லிட்டுக் கிடக்கிறது. அவர் விரல்கள் நடுங்கின. ஓடிப்போய் சர்க்கரை சோதிக்கும் மெஷினை எடுத்துவந்து விரலைக் குத்திப் பார்த்தாள். சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போயிருந்தது.

"காலைல என்னா சாப்பிட்டீங்க?"

"சஷ்டி விரதம்மா... பச்சத் தண்ணிதான்."

"மாத்திரை?"

"போட்டுட்டேனே. ஒரு நாளும் விடக்கூடாதுன்னு நீதான சொன்ன."

சொன்னவள் அவளேதான். போன மாசம், ரயிலுக்கு ஓடுகிற அவசரத்தில், செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். அவரும் தலையாட்டினார்.

சீனித் தண்ணீரைக் கலக்கிக் கொண்டுவந்து நீட்டினாள். கிழவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வேணாம்மா. நீ பாஸாகணும்னுதான் முருகன்கிட்ட நேந்துக்கிட்டேன். இப்பக் குடிச்சா..."

கோபமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன அவளுக்கு. இந்த மனுஷனைத் திட்டுவதா, காலில் விழுவதா?

"நீங்க இங்க மயங்கி விழுந்தா, நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு மாமா நான் அங்க போய் நிப்பேன்? குடிங்க. முருகன்கிட்ட நான் பேசிக்கிறேன்."

அவர் கோப்பையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். குடித்தார்.

கால் மணி கழித்து மறுபடி குத்திப் பார்த்தபோது எண் ஏறியிருந்தது. போன உயிர் அவளுக்குத்தான் திரும்பி வந்தது. தோசை வார்த்துக் கொடுத்து, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"சாப்பிடாம இந்த மாத்திரையப் போடக்கூடாது மாமா. விரதம் இருக்கணும்னா முன்கூட்டியே கிளினிக்ல கேக்கணும். கை நடுங்குனா, வேர்த்தா, ஒடனே சீனித் தண்ணி. அப்ப விரதமெல்லாம் பாக்கக்கூடாது."

சின்னையா தலையாட்டினார்.

"தலையாட்டாதீங்க. வாயால சொல்லுங்க."

அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். கிளினிக் கவுண்டரில் சொல்வதுபோல் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சின்னையா, அனாக் லெலாக்கி வேலாயுதம்," என்று, அடையாள அட்டையில் மலாயில் உள்ளபடி அப்பா பேரோடு, முதலிலிருந்து ஆரம்பித்தார். "சாப்பிடாம மாத்திரை போடக்கூடாது. விரதம்னா..."

அவள் மறுபடி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்; அவர் சொல்லி முடிக்கும்வரை விரல்களை எடுக்கவில்லை.