நாலில் ஒன்று

என் அக்கா சுகுணாவை எங்கள் அம்மாவின் தம்பி பாண்டியராஜனுக்கே கட்டிக்கொடுத்தார்கள். மாமாவுக்குக் கோவில்பட்டியில் சொந்தமாகத் தீப்பெட்டி செய்யும் ஆபீஸ் இருந்தது. மகள் அடுத்த தெருவிலேயே இருப்பாள் என்று அம்மாவுக்குத் திருப்தி.

1995இல் ராதாமணி பிறந்தாள். ஆறு மாதம் கழிந்ததும் வெளுக்க ஆரம்பித்தாள். பால் குடிக்கும்போதே களைத்துத் தூங்கிவிடுவாள். வயிறு மட்டும் உப்பிக்கொண்டு வந்தது. டானிக் மாற்றி டானிக் கொடுத்துப் பார்த்துவிட்டுப் பதினோராவது மாதம் மதுரைக்குக் கொண்டுபோனோம். மாமா, அக்கா, குழந்தையைத் தூக்கிக்கொள்ள நான்.

டாக்டரம்மா ஒரு சீட்டில் நோயின் பெயரை எழுதினார். தலசீமியா. குழந்தையின் உடம்பில் நல்ல ரத்தம் ஊறாது. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை பிறர் ரத்தம் ஏற்ற வேண்டும், கடைசிவரைக்கும். பிறகு சீட்டைத் திருப்பி நாலு கட்டம் போட்டார்.

"உங்க ரெண்டு பேர் உடம்புலயும் ஒரு நல்லதும் ஒரு குறையும் ஜோடியா இருக்கு. நல்லது ஒண்ணு இருக்கதால உங்களுக்கு ஒண்ணும் தெரியல. ரெண்டு பேர்கிட்ட இருந்தும் குறையே வந்து சேர்ந்தா பிள்ளைக்கு இந்த நோய் வரும். நாலுல ஒண்ணுக்கு அப்படி வரலாம். ஒரே குடும்பம்ங்கறதால ஒரே குறை ரெண்டு பக்கமும் இருந்திருக்கு."

அந்தக் கட்டங்கள் எனக்குத் தெரியும். போன வருஷம்தான் பிளஸ் டூ முடித்திருந்தேன். மெண்டலின் பட்டாணிச் செடிகள், நெட்டைக்குள் ஒளிந்திருக்கும் குட்டை, மூன்றுக்கு ஒன்று. சொர்ணத்தாய் டீச்சர் அதை நடத்தும்போது ஒரு ரூபாய்க் காசைச் சுண்டிக் காட்டினார். போன தடவை பூ விழுந்தது என்று காசுக்கு ஞாபகம் இருக்காது, ஒவ்வொரு தடவையும் புதுசுதான் என்றார். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு முழு மார்க் வாங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா எல்லாவற்றையும் கேட்டாள்.

"அப்ப எங்கிட்ட இருந்தா சுகுணாவுக்குப் போச்சு?"

மாமா அம்மாவைப் பார்த்துப் பேச்சை மாற்றினார்.

"நாலுல ஒண்ணுன்னு டாக்டரம்மா சொல்லுதாவ, அக்கா. அந்த ஒண்ணு வந்திட்டு. இனிமே வாரது மூணும் நல்லா வரும்."

அது அப்படியில்லை என்று எனக்குத் தெரியும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அம்மா, பல நாளுக்குப் பிறகு, தட்டில் சோறு போட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். அக்கா அவளுக்குக் குழம்பு ஊற்றினாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் சொல்லவில்லை. அப்புறமும் சொல்லவில்லை. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை அக்காவும் நானும் காலை பஸ்ஸில் மதுரைக்குப் போய்வந்தோம். மாமாவுக்கு ஆபீஸை விட்டு வர முடியாது. சாத்தூர் தாண்டும்வரை ராதாமணி ஜன்னலில் கரிசல் காட்டைப் பார்த்துக்கொண்டு வருவாள். ரத்தம் ஏறியதும் உதடு சிவக்கும். அடுத்த மூன்றாவது வாரம் மறுபடி வெளுக்கும். எங்களுக்கு அது பழகிப்போனது.

இரண்டு வருஷம் கழித்து அக்கா மறுபடி உண்டானாள். மதுரைக்குப் போகும்போதெல்லாம் சேலையைச் சுற்றி வயிற்றை மறைத்துக்கொள்வாள். டாக்டரம்மா கவனித்தபோது ஆறாம் மாதம்.

"மூணு மாசத்துக்குள்ள சொல்லியிருந்தா வயித்துப் பிள்ளையைச் சோதிக்க வெளியூருக்கு அனுப்பியிருப்பேன். பிள்ளைக்கு இருந்தா என்ன செய்யலாம்னு நீங்களே முடிவு பண்ணியிருக்கலாம். இப்ப நாள் கடந்துட்டு" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் அக்கா கேட்டாள்.

"அந்த ஒண்ணுதான் வந்திட்டே காளீஸ்வரி. இதை எதுக்குச் சோதிக்கணும்ங்காவ?"

விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றிருந்தது. ராதாமணி என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன்.

"அப்படி இல்லக்கா. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியா நாலுல ஒண்ணு. முன்னால வந்ததுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

"அப்ப இதுக்கும் நாலுல ஒண்ணா?"

"ஆமா."

"மூணு பங்கு நல்லதுக்கு இருக்குல்லா?"

"இருக்கு."

பஸ் கிளம்பியது. கொஞ்ச நேரம் கழித்து, "உனக்கு இது முந்தியே தெரியுமாட்டி?" என்றாள்.

"தெரியும்."

அவள் திட்டவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். கோவில்பட்டி வந்து இறங்கும்போது, "மாமாட்ட சொல்லாத. அவியளாவது நிம்மதியா இருக்கட்டும்" என்றாள்.

மீதி மூன்று மாதமும் அவள் வீட்டு வேலைகளை எப்போதும்போலச் செய்தாள். மாமா தொட்டில் புதிதாக வாங்கிவந்து மாட்டினார். நான் அந்த வீட்டுக்குப் போவேன், காய் நறுக்கிக் கொடுப்பேன், வருவேன். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

இரண்டாவதும் பெண். கற்பகம் என்று பெயர் வைத்தார்கள். நல்ல எடை. எல்லோரும் தூக்கிக் கொஞ்சினார்கள். அக்கா மட்டும் தினமும் காலையில் குழந்தையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, கீழ் இமையை விரலால் இழுத்து உள்ளே பார்ப்பாள். ஐந்து மாதம் வரை சிவப்பாக இருந்தது. ஏழாம் மாதம் ஒரு காலையில் அதிக நேரம் பார்த்தாள். உள்ளே போய், "மதுரைக்குப் போணும்" என்று மட்டும் மாமாவிடம் சொன்னாள்.

இந்த முறை மாமாவும் வந்தார். சோதனை முடிவு வந்ததும் டாக்டரம்மாவிடம் கேட்டார்.

"அந்த ஒண்ணுதான் மூத்தவளுக்கு வந்திட்டே. பெறகு எப்படிம்மா?"

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வெளியே வந்து மர நிழலில் நின்றுகொண்டு, என்னைப் பார்த்தார்.

"நீ படிச்ச புள்ளல்லா. உனக்குத் தெரியுமா இது?"

அக்கா, குழந்தையின் தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டே சொன்னாள்.

"அவளுக்கு எங்க தெரியும் மாமா. சின்னப் புள்ள."

மாமா அதற்கு மேல் கேட்கவில்லை. எங்களுக்கு டீ வாங்கிவரப் போனார். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. டீ வந்தது, மூவரும் குடித்தோம்.

அந்த வருஷமே அக்கா குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டாள். அடுத்த தையில் அம்மா, தன் கடைசித் தம்பி பாலகணேஷுக்கு என்னைப் பேசினாள். முதலில் இரண்டு பேரும் ரத்தம் சோதிக்க வேண்டும் என்றேன். சண்டை வரும் என்று நினைத்தேன். அம்மா, "சரி, பாத்துக்கோ" என்றாள். அவருக்கு அந்தக் குறை இருந்தது. எனக்கு இல்லை. அம்மாவிடமிருந்து அக்காவுக்குக் குறை போனது, எனக்கு நல்லது வந்தது, அவ்வளவுதான். எங்கள் பிள்ளைகளுக்கு அந்த நோய் வராது. கல்யாணத்துக்கு நாள் குறித்தார்கள்.

மறுவாரம் மதுரையில் ராதாமணியும் கற்பகமும் அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருந்தார்கள். நான் சோதனை முடிவை அக்காவிடம் சொன்னேன்.

"நல்லது" என்றாள். நர்ஸம்மா ஊசியோடு வந்தாள். அக்கா குனிந்து கற்பகத்தின் கையை அசையாமல் பிடித்துக்கொண்டு, "நீ பெரியவ பக்கத்துல போய் இரி" என்றாள். நான் போய் ராதாமணியின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.