எய்லித்தியாவுக்கு ஒரு பீடம்

மனைவி மெலிட்டாவுக்கு வலி கண்டு இரண்டு நாளாகிவிட்டது. பிள்ளை இன்னும் வெளியே வரவில்லை. லைகோனுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. முற்றத்தில் நாலு கல்லை அடுக்கி, பேறுகாலத் தேவி எய்லித்தியாவுக்கு ஒரு பீடம் கட்டினான். தேன் தோய்த்த பார்லி அப்பம் வைத்தான். பீடத்தைச் சுற்றி வெள்ளைக் கம்பளி நூலை ஓட்டி, காற்றில் பறக்காதபடி இறுக்கி முடிந்தான்.

வெந்நீர் எடுக்க வெளியே வந்த மருத்துவச்சி தீமோ தலையில் அடித்துக்கொண்டாள்.

“அட கூறுகெட்டவனே! பிள்ளை பொறக்குற வீட்டுல முடிச்சா போட்டு வெச்சிருக்க? இங்க முடிச்சு கெடந்தா அங்க வயிறு எப்படித் தெறக்கும்?”

“இல்ல தீமோ, பறந்துடும்னுதான்...”

“மீன் பிடிக்கிறவன் புத்தி போகுதா பாரு! ஒண்ணு விடாம எல்லாத்தையும் அவுறு.”

தேன் பட்டு இறுகிய நூல் விரலுக்கு மசியவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தான். இடுப்புக் கச்சையை அவிழ்த்தான். செருப்பு வாரை, ஆட்டின் கயிற்றை, திராட்சைக் கொடியைத் தூணோடு கட்டிய நாரை அவிழ்த்தான். மெலிட்டாவின் அலறல் ஓயவில்லை. வேறென்ன, வேறென்ன என்று வீட்டைச் சுற்றி வந்தவன், வாசலுக்கு நேரே இருந்த கரைக்கு ஓடிப் படகின் கயிற்றையும் அவிழ்த்துவிட்டான்.

“கிறுக்கு பிடிச்சிருச்சா லைகோன்? படகு போகுதுய்யா!” என்று பக்கத்து வீட்டு ஹெர்மோன் கத்தினான்.

அப்போது வீட்டுக்குள் பிள்ளை வீறிட்டது. லைகோன் அசையவில்லை. மெலிட்டாவின் குரலுக்காகக் காத்து நின்றான். “தண்ணி குடுங்க” என்று அவள் கேட்டது காதில் விழுந்த பிறகுதான் கடலில் குதித்தான்.