அலமாரிக்கு முன்னால் விருந்து

கனடாவின் மாண்ட்ரியலில் ஜூலை முதல் தேதி வந்தால் பாதி ஊர் வீடு மாறும். சாமான் தூக்க வரும் நண்பர்களுக்குக் கூலி பீட்சாவும் பீரும்தான். பிரான்சின் லியோன் நகரத்திலிருந்து வந்த ஓடிலுக்கு அது கேவலமாகப் பட்டது. மதியத்துக்குள் மூன்றாம் மாடியைக் காலி செய்தாக வேண்டும். சாப்பாட்டு மேஜையும் பாத்திரமும் போக, பெரிய அலமாரி ஒன்றுதான் பாக்கி. அவளோ மேஜை விரிப்பு விரித்து விருந்து வைத்தாள்.

"அக்கா, பீட்சா எப்ப வரும்?" என்றான் சாமான் தூக்க வந்த பக்கத்து வீட்டு ரெஜான்.

"அட்டைப்பெட்டியில சோறு போட நீங்க என்ன பூனைக்குட்டியா? உக்காருங்க. மாட்டுக் குடல் வறுத்திருக்கேன்."

"குடலா? கெச்சப் இருக்கா?"

"எங்க ஊர்ல இப்படிக் கேட்டா உன் குடலை வறுப்பாங்க."

ரெஜானும் கூட்டாளிகளும் தட்டை வழித்துத் தின்றார்கள். ஒயினும் தீர்ந்தது. பிரெஞ்சு வழக்கப்படி கடைசியில் சீஸ் வருவதற்குள் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு சாய்ந்துவிட்டார்கள்.

"ரெஜான், அலமாரி."

"இப்ப என்னையே யாராவது தூக்கணும், அக்கா."

கீழே, சுழல் படிக்கட்டின் அடியில், அதே வீட்டுக்குப் புதிதாகக் குடிவரும் மர்லேன் சோபாவோடு நின்றாள்.

"அம்மா, எறங்கறீங்களா, இல்ல உங்களோட சேந்து குடித்தனம் பண்ணணுமா?"

ஓடில் எட்டிப் பார்த்தாள். மர்லேனின் ஆட்கள் நின்றபடியே பீட்சா தின்று, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, துறுதுறுவென்று இருந்தார்கள். பாத்திரங்களை மூட்டை கட்டிவிட்டு, வேறு வழியில்லாமல் அவர்களைக் கூப்பிட்டாள். மேஜையும் மூட்டையும் போனபின் அலமாரியும் கீறல் படாமல் நடைபாதைக்கு இறங்கியது.

மர்லேன் மிச்சப் பீட்சாவை நீட்டினாள்.

"கத்தி, முள்கரண்டி?"

"அதெல்லாம்தான் மூட்டை கட்டிட்டீங்களே, அம்மா."

தெருவில் லியோன்காரர் யாரும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு ஓடில் கையாலேயே தின்றாள். இன்னொரு துண்டும் கேட்டாள்.