தலைவர் சிந்திய ஒரு சொட்டு

பாடகர் யதீசனின் ரசிகர் மன்றத்துக்குச் சிங்கப்பூர்க் கிளை உண்டு. தலைமையகம்தான் எங்கே என்று தெரியாது. கிளைக்குப் பதினோரு ஆண்டுகளாகத் தலைவர் கதிரேசன். அவருடைய பெருமைகளிலெல்லாம் பெரியது ஒரு சொட்டுக் கண்ணீர். சென்ற ஆண்டு இங்கே நடந்த கச்சேரியைப் படமாக்கித் திரையரங்கில் ஓட்டினார்கள். அதில் தாலாட்டுப் பாட்டின் நடுவே நான்கு விநாடி அவர் முகம் வருகிறது. இடக் கண்ணிலிருந்து ஒரு சொட்டு உருண்டு இறங்குகிறது. அதை எட்டடிப் பதாகையாக்கி, கீழே 'ரசனையின் உச்சம்' என்று எழுதினார்கள். எழுதச் சொன்னது யார் என்று எவரும் கேட்கவில்லை.

சந்திரமதிதான் அதில் கை வைத்தாள். தோ பாயோவில் ஒரு பல் கிளினிக்கில் உதவியாளர். பகலெல்லாம் வாயைத் திறந்தவர்களோடுதான் இருக்கிறாள், பதில் பேசத்தான் ஒருவராலும் முடியாது. பாட்டைப் பற்றி வாயாட அவளுக்கு வாய்த்த ஒரே இடம் மன்றத்தின் வாட்ஸ்அப் குழு. படத்தின் ஒட்டுவேலைகளைக் கண்டுபிடித்துப் போடுவதில் அங்கே போட்டியே நடந்தது. பல்லவியில் யதீசனின் சட்டைக் கை மடித்திருக்கும், சரணத்தில் இறங்கியிருக்கும். தபேலாக்காரரின் தண்ணீர்ப் புட்டி காலியாகித் தானே நிரம்பும். எல்லாரும் சிரித்தார்கள். பதினேழாவது பிழையாக, தலைவரின் கண்ணீர் தாலாட்டுக்கு வந்ததல்ல, வேறு பாட்டிலிருந்து வெட்டி ஒட்டியது என்று அவள் போட்டதும் சிரிப்பு நின்றது. பத்தே நிமிடத்தில் குழுவிலிருந்து நீக்கப்பட்டாள். ஆண்டுவிழா மேடையில் மன்னிப்புக் கேட்டால் திரும்பலாம், இல்லையேல் இல்லை.

ஞாயிறன்று டன்லப் ஸ்திரீட் உணவகத்தின் மாடியில் விழா, மேடையில் அந்த எட்டடிப் பதாகை. கதிரேசன் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு முழங்கினார்: "முதல் வரிசை, பதினான்காம் இருக்கை. மூன்று மணி நேரம் நான் அசைந்தேனில்லை!" கைதட்டல் அடங்கியதும் ஒலிவாங்கி சந்திரமதியிடம் வந்தது.

படத்தின் தாலாட்டுப் பகுதியைத் திரையில் போடும்படி செயலாளர் யாக்கூப்பிடம் கேட்டாள். கண்ணீருக்கு முந்தைய காட்சியில் நிறுத்தச் சொன்னாள். மேடைக்குப் பின்னாலிருந்து முன்வரிசையைக் காட்டும் காட்சி அது.

"பதினாலாம் சீட்டைப் பெருசாக்குங்க, பாய்."

இருக்கையில் கதிரேசன் இல்லை. ஒரு டிஷ்யூ பொட்டலம் இருந்தது. சாப்பாட்டுக் கடையில் டிஷ்யூ வைத்து மேசை பிடிப்பது ஊர் வழக்கம். எண் போட்டு டிக்கெட் விற்ற அரங்கத்திலும் அப்படி இடம் பிடிக்க ஒருவரால்தான் முடியும். போதாக்குறைக்கு, அது மன்றத்தின் பத்தாம் ஆண்டுக்கு அச்சடித்த பொட்டலம். அதன்மேல் தலைவரின் முகம். ஒரு வகையில் அவர் அசையவில்லைதான்.

"பாத்ரூம் போயிருப்பேன் லா," என்றார் கதிரேசன், செந்தமிழை மேடையிலேயே விட்டுவிட்டு. "அடுத்த ஷாட்டுல வந்து அழறேன்ல?"

"அழறீங்கண்ணே. அதுக்கு அடுத்த ஷாட்டுல மறுபடி டிஷ்யூ உக்காந்திருக்கு."

யாக்கூப் ஓட்டிக் காட்டினார். பொட்டலம், கண்ணீர், பொட்டலம்.

"இப்ப மீசையைப் பாருங்க," என்றாள். நாள் முழுக்க வாயையே பார்க்கிறவள் கண்ணுக்கு அது தப்புமா? கண்ணீர் வழியும் கன்னத்துக்குக் கீழே, மீசை ஓரத்தில், பொன்னிறமாகக் கறிப்பஃப் பலகாரத்தின் மூன்று துணுக்கு. எட்டடிப் பதாகையில் ஒவ்வொன்றும் கட்டைவிரல் அளவு. மூன்று மாதமாக அத்தனை பேரும் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கூடத்தின் முன்வரிசையிலிருந்து தலைவரின் மனைவி ரத்தினம்மா எழுந்தார்.

"கச்சேரி அன்னிக்கு, கியூ நீளம், பஃப் கிடைக்கலன்னு என்கிட்ட சொன்னீங்க."

கதிரேசன் பதாகையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "ஒண்ணுதாம்மா இருந்துச்சு," என்றார். பிறகு, மிகவும் தாழ்ந்த குரலில், "சரியான காரம்."

சிரிப்பில் மாடி அதிர்ந்தது. கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்களாம். ரத்தினம்மா கணவரின் கைபேசியை வாங்கி, சந்திரமதியைக் குழுவில் தம் கையாலேயே சேர்த்தார். அவள் பைக்குள் கைபேசி 'டிங்' என்றது. மன்னிப்பை அதற்கப்புறம் ஒருவரும் நினைக்கவில்லை.

ஒலிவாங்கியை அவள் விடவில்லை. "பதினெட்டாவது பிழை யாராச்சும் பாத்தீங்களா?"

பிரியாணி ஆறும்வரை கைகள் உயர்ந்துகொண்டே இருந்தன. கடைசியாக, தயங்கித் தயங்கி, தலைவரின் கையும் உயர்ந்தது.

"கடைசிப் பாட்டுல யதீசன் கையில வாட்ச் இல்ல. நான் அப்பவே நேர்ல பாத்தேன்."

சந்திரமதி குறித்துக்கொண்டாள். "நேர்லயாண்ணே? நீங்களா, டிஷ்யூவா?"