பெட்டிக்கு மட்டும் நல்ல காற்று

மூன்றாவது முறை ஏணியில் ஏறி இறங்கியதில் அண்ணனின் முழங்கால் விட்டுப்போயிருந்தது. தையல் கூடத்துக்குள் வெளிக்காற்றை இழுத்துவிடும் விசிறி இரண்டு வாரமாகச் சும்மாவே கிடக்கிறது. மதியம் தாண்டினால் பெண்கள் தலைவலி என்று மேசையில் சாய்கிறார்கள். மாட்டும்போதே அண்ணன் டைமர் போதும் என்றார். தம்பிதான் கேட்கவில்லை. ஒரு நாள் நாற்பது பேர், ஒரு நாள் நூறு பேர், வேலை முடியும் நேரமும் நிலையில்லை. ஆட்களின் மூச்சால் காற்று கெட்டதும் தானே விசிறியை ஓட்டும் சென்சார் பெட்டிதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று அதையே மாட்டினான்.

"என்ன பெரியவரே, உங்க தம்பி பெட்டி தூங்குதா?" என்றார் மேனேஜர். "கழட்டிட்டு டைமரே போடுங்க. நீங்க அன்னைக்கே சொன்னீங்க."

முதல் மேசைக்காரி நூலைக் கோத்தபடி முனகினாள். "தூங்காம என்ன செய்யும்? அது மட்டும் ஜில்லுனு வாசக்காத்துல உக்காந்திருக்கு. கொட்டாவி எல்லாம் நமக்கு."

அண்ணன் திரும்பினார். எந்நேரமும் திறந்து கிடக்கும் சரக்கு வாசலின் நிலையை ஒட்டி, வெளிக்காற்று மட்டுமே படும் இடத்தில் பெட்டி இருந்தது. விசிறியையே நோண்டிக்கொண்டிருந்தவர் இதைப் பார்க்கவில்லை. கூடத்தின் நடுவுக்கு வயர் இழுக்கச் சோம்பல்பட்டுத் தம்பி அங்கே மாட்டியிருக்கிறான். தம்பியின் முகம் வெளுத்தது. அவனுக்கும் இப்போதுதான் உறைத்தது.

அப்பா காலத்திலிருந்து அவர்கள் கை பட்ட வேலையை யாரும் குறை சொன்னதில்லை. சரி, டைமரே போடுகிறோம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. பழி பெட்டியோடு போய்விடும், பெயர் நிற்கும். ஆனால் டைமர் மணியைத்தான் பார்க்கும், நெரிசலைப் பார்க்காது.

அலுப்பாக இருந்தது. தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பெட்டி மேல தப்பில்ல" என்றார். "மாட்டுன இடம் தப்பு. எங்க வீட்டு வேலைதான் பிசகிடுச்சு."

மேனேஜர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணே..." என்றான் தம்பி.

"வயர எடுடா."

அவன் வயரை நீட்டி இணைத்தான். கூடத்தின் நடுத்தூணில் இன்னும் ஆணிகூட அடிக்கவில்லை. அண்ணன் பெட்டியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு மெஷின்களுக்கு நடுவே நின்றார். காற்று எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டும் எண் பெட்டியில் ஏறியது. அறுநூறு. எண்ணூறு. ஆயிரத்து நூறு. அவர் பெட்டியை இறக்கவில்லை. மேலே விசிறி ஒருமுறை கனைத்தது. முதல் மேசையில் கிடந்த நூல் துணுக்குகள் மெல்ல நகர ஆரம்பித்தன.