பெட்டிக்குள் அடங்காத துப்பாக்கி

வெர்லின் ஸ்டாடார்டுக்குக் கைத்துப்பாக்கி உரிமம் வர ஏழு மாதம் ஆயிற்று. கைரேகை கொடுத்து, நாலு பேரிடம் நற்சான்று வாங்கி, நீதிபதியின் கையெழுத்துக்குத் தவம் கிடந்து, ஒருவழியாகச் செப்டம்பரில் துப்பாக்கி வீடு வந்து சேர்ந்தது. லாரி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற மனுஷர். நியூயார்க் மாநிலத்தின் வடகோடியில், காட்டோரத்து வீட்டில் மனைவி ஓப்பலோடு தனியாக இருக்கிறார். பக்கத்துப் பண்ணையில் திருடன் புகுந்தபோது போலீஸ் கார் வந்து சேர நாற்பது நிமிஷம் ஆனது. ஆகவே துப்பாக்கி வாங்கியதை யாரும் குறை சொல்லவில்லை. வாங்கினவர் அதோடு சும்மா இருந்திருக்கலாம்.

இருந்தாரா? சனிக்கிழமை தவறாமல் எல்டனின் வேட்டைச் சாமான் கடைக்குப் போனார். ஒரு வாரம் குழலுக்குக் கீழே மாட்டுகிற விளக்கு. அடுத்த வாரம், குறி பார்க்கச் சிவப்புப் புள்ளி காட்டும் குட்டிக் கண்ணாடி. அதற்கடுத்த வாரம், பிடி வழுக்காமல் இருக்க ஒட்டுகிற சொரசொரப்புத் தாள். எல்லாவற்றையும் நிலவறையில், மான் வேட்டைத் துப்பாக்கிகள் இருக்கிற பெரிய இரும்பு அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து மாட்டி, தூக்கிப் பார்த்து, வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொள்வார்.

ராச்செஸ்டர் நகரில் நர்ஸாக இருக்கும் மகள் கரின் ஃபோனில் கறாராகச் சொல்லிவிட்டாள். "நவம்பர்ல நன்றித் திருநாளுக்கு ஜூனியைக் கூட்டிட்டு வரேன்ப்பா. ஆனா அந்தத் துப்பாக்கி பெட்டிக்குள்ள போயி, பெட்டி பூட்டறதை என் கண்ணால பாக்கணும். இல்லன்னா சாப்பிட்டுட்டு அன்னைக்கே கிளம்பிடுவேன்."

ஜூனிக்கு நாலு வயசு. ஈஸ்டருக்குப் பார்த்தது. பேத்தி நாலு நாள் தங்கப் போகிறாள் என்று வெர்லின் தெருவில் போகிற தபால்காரரை நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தார். மாநிலச் சட்டமும் குழந்தைகள் வரும் வீட்டில் துப்பாக்கி பூட்டித்தான் இருக்க வேண்டும் என்கிறது. ஓப்பல் செப்டம்பரிலேயே தையல் டேப்பால் துப்பாக்கியை அளந்து, நாலு பொத்தான் அழுத்தினால் திறக்கிற இரும்புப் பெட்டி ஒன்றை வரவழைத்து, கட்டிலோரத்து மேசையில் தானே போல்ட் போட்டு முடுக்கி வைத்திருந்தாள்.

திருநாளுக்கு முந்தைய சனிக்கிழமை தோட்டா வாங்கப் போனார்கள். இவர் வேறு எதையும் வாங்கித் தொலைக்காமல் காவல் காக்க ஓப்பலும் கூடப் போனாள்.

"வாடா," என்றான் எல்டன். வெர்லினும் அவனும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. "கல்யாணப் பொண்ணுக்கு இந்த வாரம் என்ன நகை?"

"வாய மூடு. பதினஞ்சு தோட்டா கொள்ற மேகசின் இருக்கா?"

"பத்துக்கு மேல நம்ம மாநிலத்துல கூடாதுன்னு உனக்குத் தெரியாதா? எனக்கு ஜெயில் சாப்பாடு ஒத்துக்காதுப்பா."

"சைலன்சர் மாட்ட, குழல் முனையில மரை போட்டது?"

"அதுவும் கூடாது."

"அப்ப எதுதான்டா கூடும்?"

"கூடற மூணையும் நீ வாங்கியாச்சு. இனிமே சட்டை தச்சுப் போட்டாத்தான் உண்டு."

ஓப்பல் சிரிப்பை அடக்க முடியாமல் தூண்டில் முள் இருந்த பக்கம் திரும்பிக்கொண்டாள். வெர்லின் மூக்கைச் சுருக்கிக்கொண்டு, அலமாரியிலேயே அதிக வேகம் என்று அட்டையில் போட்டிருந்த தோட்டாவைக் காட்டினார். எல்டன் அதைத் தொடக்கூட இல்லை.

"அது உதைக்கிற உதையில ரெண்டாவது குண்டு கூரைக்குத்தான் போகும். சாதாரணக் குழிமுனைத் தோட்டா எடுத்துக்க. உடம்புல பட்டா விரிஞ்சு நின்னுடும், மறுபக்கம் போறது குறைவு. இதுல ஒரு அம்பது சுட்டுப் பாரு, உன் துப்பாக்கியில சிக்காம ஓடுதான்னு. ஓடிச்சுன்னா அதுதான் உனக்குத் தோட்டா."

"சுவத்துல பட்டா நிக்குமா?" ஓப்பல் கேட்டாள்.

எல்டன் விளையாட்டை விட்டான். "நிக்காது ஓப்பல். நம்ம வீட்டு உள்சுவரெல்லாம் வெறும் ஜிப்சம் அட்டை. எந்தத் தோட்டாவும் அதுல நிக்காது. குறி தப்பினா அடுத்த ரூமுக்குப் போயிடும்."

ஓப்பல் புருஷனைப் பார்த்தாள். படுக்கையறைச் சுவருக்கு அந்தப்புறம்தான் ஜூனிக்குக் கட்டில் போட்டிருந்தது. தோட்டா வாங்குகிறவர் மேல் குற்றம் ஏதும் இல்லையா என்று மாநிலம் நடத்துகிற விசாரணை முடிந்து, தோட்டா கைக்கு வந்ததும் வெர்லின் வீட்டுக்கு வண்டியை ஓட்டி, வந்த வேகத்தில் குழந்தைக் கட்டிலைக் கழற்றி, சமையலறையை ஒட்டிய தையல் அறையில் கொண்டுபோய் மறுபடி மாட்டி நிறுத்தினார். இடுப்பு பிடித்துக்கொண்டது.

பிறகுதான் துப்பாக்கியை மேலே கொண்டுவந்து பெட்டியில் வைத்தார். மூடி இறங்கவில்லை. திருப்பி வைத்தார், சாய்த்து வைத்தார், தலைகீழாக வைத்தார். ஒரு விரல்கடை இடைவெளி. உள்ளங்கையால் அழுத்தினார். முழங்காலால் அழுத்தப் போகும்போது ஓப்பல் வாசலில் வந்து நின்றாள்.

"மூணு மாசமா நகை வாங்கினியே, ஒரு தடவையாவது இந்தப் பெட்டியில வச்சுப் பாத்தியா?"

"உன் பெட்டி சின்னது."

"துப்பாக்கிக்கு அளவெடுத்தேன். உன் சிங்காரத்துக்கு அளவெடுக்கல."

எல்டனுக்கு ஃபோன் போட்டார். பெரிய பெட்டி வர பத்து நாள் ஆகும் என்றான். சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். நிலவறை அலமாரியில் பூட்டலாம், ஆனால் திருடன் வந்தால் இந்த இடுப்பை வைத்துக்கொண்டு பதினாலு படி இறங்கி ஏறுவதற்குள் அவன் காப்பியே போட்டுக் குடித்துவிடுவான். வேறு வழியில்லை. வெர்லின் திருப்புளியை எடுத்து உட்கார்ந்தார். முதலில் குறி பார்க்கிற கண்ணாடியைக் கழற்றினார். மூடி இன்னும் இறங்கவில்லை. விளக்கைக் கழற்றும்போது முகம் தொங்கிவிட்டது.

"வெளிச்சத்துக்கு என்னடி பண்றது?"

ஓப்பல் காரில் கிடந்த டார்ச்சைக் கொண்டுவந்து பெட்டியின் மேல் வைத்துவிட்டுப் போனாள். இந்தத் தடவை மூடி இறங்கி, பெட்டி டக்கென்று பூட்டிக்கொண்டது. மொட்டைத் துப்பாக்கி, காரில் கிடந்த டார்ச். ஏழு மாதம் காத்திருந்தது இதற்குத்தானா என்று ராச்சாப்பாடு முழுக்க முனகினார்.

புதன்கிழமை கரின் வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் படுக்கையறைக்குப் போய், பெட்டியைப் பூட்டச் சொல்லிப் பார்த்து, இழுத்துப் பார்த்து, பிறகுதான் அப்பாவைக் கட்டிக்கொண்டாள். வியாழக்கிழமை வான்கோழி, உருளைக்கிழங்கு, சண்டை, சிரிப்பு. ஜூனி சாப்பிட்டதெல்லாம் பீச்சுகிற டப்பாவிலிருந்த க்ரீம் மட்டும்தான். பாதியில் அம்மா பிடுங்கி மேல் அலமாரியில் ஒளித்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும். சமையலறையில் எதையோ தரதரவென்று இழுக்கிற சத்தம். வெர்லின் விழித்துக்கொண்டார். ஓப்பல் தூங்கிக்கொண்டிருந்தாள். மேசையை நோக்கி நீண்ட கையில் முதலில் டார்ச்தான் பட்டது. பெட்டிக்கு நாலு பொத்தான் அழுத்த வேண்டும். யார் என்று பார்த்துவிட்டு அழுத்திக்கொள்ளலாம் என்று டார்ச்சோடு கதவுக்குப் போனார்.

சமையலறை இருட்டில் ஆள் உயரத்துக்கு ஓர் உருவம். முதுகைக் காட்டிக்கொண்டு, தடித்த கோட்டு போட்டு, மேல் அலமாரியைத் துழாவிக்கொண்டிருந்தது. வெர்லின் கையை நேராக நீட்டி வெளிச்சத்தை அடித்தார்.

உருவம் திரும்பியது. நாற்காலி மேல் ஏறி நின்று, தாத்தாவின் வேட்டைக் கோட்டைப் போர்த்திக்கொண்டு, கையில் டப்பாவும் மூக்கு வரை க்ரீமுமாக ஜூனி.

"கண்ணுல அடிக்காத தாத்தா. கூசுது."

வெர்லின் டார்ச்சைத் தாழ்த்தினார். நீட்டிய தன் கையைப் பார்த்தார். அவர் ஆசைப்பட்டபடி விளக்கு துப்பாக்கியிலேயே இருந்திருந்தால், இந்த முகத்தைப் பார்க்க அவர் குழலைத்தான் இந்த முகத்துக்கு நேரே நீட்டியிருப்பார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பயமும் சந்தோஷமும் ஒன்றாக வந்து கண்ணில் முட்டின.

சத்தம் கேட்டுக் கரின் ஓடி வந்தாள். நாற்காலியில் மகள், தரையில் அப்பா, அவர் கையில் டார்ச்.

"அப்பா, பெட்டி?"

"பூட்டித்தான் இருக்கு. போய்ப் பாரு."

கரின் போய்ப் பார்க்கவில்லை. அப்பாவுக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்து அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். ஜூனி நாற்காலியிலிருந்து இறங்கி, கோட்டைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்து, தாத்தாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"தாத்தா ஏன் அழற?"

"நீ எனக்கு க்ரீம் வைக்கவே இல்லையே."

"இருக்கு, கையை நீட்டு."

நீட்டினார். கையின் ஆட்டம் நின்றபாடில்லை. ஜூனி அதைத் தன் ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஆடாத, சிந்திடும்," என்று அதட்டிவிட்டு, டப்பாவில் மிச்சமிருந்ததை முழுக்கப் பீச்சினாள்.