லாஞ்சுக்குப் பட்ட தீட்டு

திருவேங்கடம் வாசலில் வந்து நின்றபோது ஆதியம்மாள் கணவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். மாரியின் வலது கை முழுக்கக் கட்டு. இடது கையால் கரண்டி பிடிக்க அவனுக்கு இன்னும் பழகவில்லை. ஊட்டிவிட்டால் வெட்கம், ஊட்டாவிட்டால் பசி. அந்தச் சங்கடத்தில் அவன் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்த நேரம் பார்த்துத்தான் லாஞ்சுக்காரர் வந்தார்.

ஆதியம்மாளுக்கு மனசு குளிர்ந்துபோனது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்த வரைக்கும் எட்டிப் பார்க்காத மனுஷர் இப்போதாவது வந்தாரே! வெறுங்கையோடு வருவாரா? மடியில் ஏதாவது முடிந்துகொண்டு வந்திருப்பார். அவள் எழுந்து பாயை உதறிப் போட்டாள்.

"வா அண்ணாத்த, உள்ள வந்து குந்து."

"இல்ல தங்கச்சி, உள்ள வரக்கூடாது. தீட்டு கீது" என்றார் திருவேங்கடம், வெள்ளை வேட்டியின் நுனியைத் தூக்கிப் பிடித்தபடி. "கை எப்பிடி கீது?"

"மூணு வெரலு பூட்ச்சி அண்ணாத்த. கட்ட வெரலும் சுண்டு வெரலுந்தான் மிச்சம்."

"அடடா" என்றார். ஒரே ஓர் அடடா. மூன்று விரலுக்கும் சேர்த்து அவரிடம் இருந்தது அவ்வளவுதான். அதைக் கொடுத்துவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டு வந்த காரியத்துக்கு வந்தார். "லாஞ்சு மேல ரத்தம் வுழுந்துட்ச்சி பாரு. அன்னிலேருந்து வலையில ஒண்ணும் சரியா மாட்டல. அம்மனுக்கு ஆவல. எவன் ரத்தம் வுழுந்துச்சோ அவன் வூட்லேருந்துதான் ஆடு வரணும், பூச சாமான் வரணும். ஊரு வழக்கம் உனுக்குத் தெரியாததா? வெள்ளிக்கெயம வச்சிக்கலாம்னு தலைவரு சொல்லிட்டாரு."

ஆதியம்மாள் விரித்த பாயைச் சுருட்டினாள். அன்றைக்கு அடிபட்டது யாருக்கு என்று அவளுக்கு அந்த நிமிஷம்தான் விளங்கியது. லாஞ்சுக்கு அடிபட்டிருக்கிறது. மாரி அதன்மேல் ரத்தத்தைக் கொட்டிக் குற்றம் செய்திருக்கிறான்.

அந்த லாஞ்சின் பெயர் 'எல்லையம்மன் துணை'. குப்பத்து ஏழை மீனவர்கள் முன்னேற வேண்டும் என்று சர்க்கார் கடனும் கொடுத்து மானியமும் கொடுத்த எந்திரப் படகு. அதன்படியே ஒருவர் முன்னேறினார். மற்றவர்கள் அவரிடம் வேலைக்குப் போனார்கள். வலைக்கயிற்றை இழுத்துச் சுருட்டுகிற வின்ச்சில் நிறுத்துகிற பிடி உடைந்து போய், கயிறு போட்டுக் கட்டியிருந்தது. மாரி அதைப் பற்றிப் பல தடவை சொல்லியிருந்தான். "பொங்கல் கழியட்டும் பாப்போம்" என்றார் திருவேங்கடம். பொங்கல் கழிவதற்குள் கயிறு அறுந்து, பல்சக்கரம் மாரியின் கையை இழுத்துக்கொண்டது.

வியாழக்கிழமை சாயங்காலம் கோயில் முன்னால் பஞ்சாயத்து கூடியது. பெண்கள் ஓரமாக நின்று கேட்கலாம், பேசக் கூடாது. ஆதியம்மாள் பேசினாள்.

"ஆடு கேக்கிறீங்க, சரி. எம் புருசன் கைக்கு இவுரு இன்னா குடுப்பாரு?"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. தலைவர் சிவப்பிரகாசம் நியாயஸ்தர். கோபப்படாமல் குழந்தைக்குச் சொல்வதுபோல் எடுத்துச் சொன்னார். "இன்னாம்மா பேசற நீ? மாரி இன்னா கூலிக்காரனா? மீனுல பங்கு வாங்கறவன், பங்காளி. கூலிக்காரனுக்கு அடிபட்டா மொதலாளி குடுப்பான். பங்காளிக்கு எவனாச்சும் குடுப்பானா? கேட்டா மாரிக்குத்தானே கேவலம்?"

தான் ஒரு பங்காளி என்பது மாரிக்கு அன்றைக்குத்தான் தெரியவந்தது. பிடித்த மீனில் முதலில் லாஞ்சுக்கு, பிறகு வலைக்கு, பிறகு டீசலுக்கு என்று போன மிச்சத்தில் ஆளுக்குக் கொஞ்சம் கையில் விழும்போது யாரும் அவனை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மீன் வந்தால் லாஞ்சுக்கு முதல் பங்கு, விரல் போனால் மாரிக்கு முழுப் பங்கு. அவன் தலையைக் குனிந்துகொண்டு, "குடுத்துடலாம் வா" என்று மனைவியின் முந்தானையை இடது கையால் இழுத்தான். கொடுக்காவிட்டால் கரைப்பக்கமே கால் வைக்க விடமாட்டார்கள் என்ற பயம் அவனுக்கு.

தாய்வீட்டுச் சீராக வந்த பித்தளைத் தவலை போய் ஆடு வந்தது. கறுப்பு ஆடு, மறு இல்லாதது. வெள்ளிக்கிழமை மேளம் கொட்டியது, குப்பமே கூடியது. திருவேங்கடம் பக்திமான், எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். லாஞ்சில் ஏறுகிற ஆட்களை வரிசையாக நிறுத்தினார்.

"ஒவ்வொருத்தனா ஆட்டுத் தல மேல கைய வச்சி வாய் தொறந்து சொல்லுங்கடா. மொணமொணன்னு சொல்லாத. அம்மன் காதுல வுழணும்."

முதலில் துரை போனான். ஆதியம்மாளுக்குத் தம்பி முறை. "எல்லையம்மா, மாரி மச்சான் ரத்தம் உன் லாஞ்சு மேல வுழுந்துட்ச்சி. இந்த ஆட்ட எடுத்துக்கினு எங்கள கர சேத்துடும்மா" என்று கத்தினான். அவனுக்குப் பின்னால் மற்றவர்களும் அப்படியே கத்தினார்கள். கடைசியில் திருவேங்கடமே கை வைத்து, எல்லாரையும்விட உரக்கச் சொன்னார். எந்திரம் ஓட்டுகிற தாவீது மட்டும் மாதா கோயிலுக்குப் போகிற கோவளத்து வேதக்காரன் என்பதால் ஒதுங்கி நின்று பீடி பிடித்தான். பிறகு ஆட்டைக் கட்டுமரத்தில் ஏற்றிக்கொண்டு போய் லாஞ்சின் முன்பக்கத்தில் வெட்டினார்கள். மாரியின் ரத்தம் தீட்டு, ஆட்டின் ரத்தம் அதைப் போக்குகிற மருந்து. இரண்டும் வழிந்தது ஒரே பலகையின் மேல்தான். கறியைச் சமைத்து எல்லாரும் சாப்பிட்டார்கள், தாவீது உள்பட.

மாரிக்கும் ஒரு சேதி வந்தது. கை மூளியானவன் எதிரில் வந்தால் சகுனம் ஆகாது, லாஞ்சு கிளம்புகிற நேரத்தில் கரைப்பக்கம் வரவேண்டாம் என்று. அன்று முதல் விடியற்காலையில் எந்திரச் சத்தம் கேட்டால் மாரி வீட்டுக்குள் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வான். விரல் போனதற்கு அழாதவன் இதற்கு அழுதான். அதைப் பார்த்துப் பார்த்து ஆதியம்மாளுக்கு வயிறு எரிந்தது. இவர்கள் ஒருவரையும் சும்மா விடக்கூடாது என்று நினைத்தாள், ஆனால் எப்படி என்றுதான் தெரியவில்லை.

அவள் கூடையைச் சுமந்துகொண்டு கல்பாக்கத்தில் மீன் விற்கிறவள். அங்கே அணு உலை கட்டுகிற இடத்தில் சாரத்திலிருந்து விழுந்து கால் ஒடிந்த சித்தாளுக்குச் சட்டப்படி நஷ்டஈடு கிடைத்ததாகப் பேச்சு அடிபட்டது. ஆதியம்மாள் விசாரித்தாள். வாடிக்கையாக வஞ்சிரம் வாங்குகிற என்ஜினீயர் வீட்டு சாரதாம்பாள் செங்கல்பட்டில் பக்தவத்சலம் என்ற வக்கீலின் பெயரைச் சொன்னாள். மறுநாளே புருஷனை இழுத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினாள்.

வக்கீல் பொறுமையாகக் கேட்டார். "பங்கா கூலியாங்கிறதை நான் வாதாடிக்கிறேன்மா. லாஞ்சுல வேலை செய்யறப்ப அடிபட்டதுன்னு சொல்ல ஒரு ஆள் வேணும். ஒரே ஒரு ஆள் போதும்."

அந்த ஓர் ஆளைத் தேடி ஆதியம்மாள் குப்பத்தில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். யாருக்கும் எதுவும் ஞாபகம் இல்லை. துரைக்கு மட்டும் கண் கலங்கியது.

"மச்சானுக்காக உசுர கூட குடுப்பேன்க்கா. சாட்சி மட்டும் கேக்காத. நாளைக்கி நானு அதே லாஞ்சுல ஏறணும்."

"உன் உசுர வச்சிகினு நான் இன்னாடா பண்றது?" என்று சொல்லிவிட்டு அவள் வந்துவிட்டாள்.

சாட்சி கிடைக்காமலே வக்கீல் மனுவைப் போட்டு வைத்தார். விசாரணை நாள் வந்தது. தொழிலாளர் நஷ்டஈட்டு அதிகாரி மெட்ராஸிலிருந்து வந்திருந்தார். திருவேங்கடம் தன் பக்கத்து வக்கீலோடும் தன் ஆட்களோடும் டாக்ஸியில் வந்து இறங்கினார். எல்லாருக்கும் ஓட்டலில் நாஸ்தா வாங்கிக் கொடுத்திருந்தார். அவர் கூண்டில் நின்று சத்தியம் செய்துவிட்டுச் சொன்ன சேதி, மாரிக்கே புதிய சேதி.

"அன்னிக்கி அவன் லாஞ்சுக்கே வரல சார். வூட்ல வெறகு பொளக்கறப்போ கைய வெட்டிக்கினான். பாவம், கஷ்டப்படறவன், இன்னா பண்ணுவான்? யாரோ பேச்சக் கேட்டுகினு எம்மேல பழி போடறான்."

துரையைக் கூப்பிட்டார்கள். "மாரி அன்னிக்கி லாஞ்சுக்கு வந்தானா?" என்று திருவேங்கடத்தின் வக்கீல் கேட்டார். "வரல சார்" என்றான் துரை, தரையைப் பார்த்து. "லாஞ்சுல யாருக்காவது அடிபட்டுதா?" "இல்ல சார்." அதிகாரி எழுதிக்கொண்டார். பக்தவத்சலம் பேனாவை மூடி வைத்துவிட்டார். மாரி தன் கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டான், ஏதோ திருடிக்கொண்டு வந்த பொருளைப் போல.

ஆதியம்மாள் முன்னால் நகர்ந்து வந்தாள். லாஞ்சுக்கே வரவில்லையா? ரத்தமே விழவில்லையா? சட்டென்று அவளுக்குத் தன் தவலை ஞாபகம் வந்தது. எட்டி வக்கீலின் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"அய்யா, அப்போ என் ஆட்ட இன்னாத்துக்கு வெட்டுனாங்கன்னு கேளுங்க!"

"எந்த ஆடும்மா?"

அவள் குனிந்து அவர் காதில் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் பக்தவத்சலம் எழுந்துவிட்டார்.

"ஏம்பா துரை, எல்லையம்மன் கோயில் முன்னாடி ஆட்டுத் தலைமேல கையை வெச்சு நீ என்னமோ சொன்னியாமே. என்ன சொன்னே?"

துரை திருவேங்கடத்தைப் பார்த்தான். திருவேங்கடம் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தார்.

"சொல்லுப்பா. அங்கே சொன்னது பொய், அம்மனை ஏமாத்தி ஆடு வெட்டினோம்னு எழுதிக்கச் சொல்லட்டுமா?"

 துரை இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டான். "அய்யோ சாமி, அப்பிடி எழுதிடாதீங்க! அம்மன் கிட்ட போயி பொய் சொல்லுவமா? நாளைக்கி நான் கடலுக்குப் போவணும் சார்! ரத்தம் வுழுந்தது நெசம். வின்ச்சுல கை மாட்டிக்கிச்சி. மாரி மச்சான் ரத்தந்தான் சார்."

அதற்கப்புறம் யாரையும் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை. வந்த ஒவ்வொருவனும் கேட்பதற்கு முன்னால் கும்பிட்டு, ஆட்டைப் பற்றி உள்ளது உள்ளபடி சொன்னான். மாரி அவர்களோடு ஒன்றாகக் கடலில் கிடந்தவன், ஒரே சட்டியில் சாப்பிட்டவன். அவன் கைக்கு அந்தக் குப்பத்தில் ஒரு சாட்சி கிடைக்கவில்லை. ஆட்டுக்குக் கிடைத்தது.

கடைசியாகத் தாவீது வந்தான். திருவேங்கடத்தின் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. இவனை எந்த அம்மன் என்ன செய்துவிட முடியும்?

"எனுக்கு அம்மன்லாம் கெடியாது சார். நான் வேதக்காரன்" என்று தொடங்கினான் தாவீது. திருவேங்கடம் தலையை ஆட்டி ஆமோதித்தார். "ஆனா அந்த ஆட்டுக்கறிய நானும் துன்னேன் சார். நல்லா துன்னுட்டு, ஆடே இல்லன்னு சொன்னா எங்க சாமியும் ஒத்துக்காது. வின்ச்ச நிறுத்தி அவன் கைய எடுத்தவனே நான்தான்."

அதிகாரி திருவேங்கடத்தைப் பார்த்தார். "நீங்களும் ஆட்டுத் தலைமேல கை வெச்சீங்களா?"

"அது... கோயிலு வேற, கோர்ட்டு வேற சார்" என்றார் திருவேங்கடம். அதிகாரி அதையும் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார்.

மாரிக்கு நஷ்டஈடு கொடுக்கவேண்டும் என்று உத்தரவு வந்தது. திருவேங்கடம் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினார். கட்டின கையோடு பஞ்சாயத்தையும் கூட்டினார். ஊர் விஷயத்தைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனது ஒரு குற்றம், அம்மன் பெயரைக் கண்ட கண்ட இடத்தில் இழுத்தது அதைவிடப் பெரிய குற்றம் என்று தலைவர் சிவப்பிரகாசம் தீர்ப்புச் சொன்னார். குப்பத்துக்கே தீட்டாகிவிட்டது. ஆகவே ஆதியம்மாள் வீட்டிலிருந்து இன்னோர் ஆடு வரவேண்டும்.

"தாராளமா குடுக்கறேன்" என்றாள் ஆதியம்மாள்.

இப்படி உடனே ஒத்துக்கொள்வாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே ஆட்டைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். நல்ல வளர்த்தியான கிடா.

"மோளம் அடிக்கச் சொல்லுங்க தலைவரே. போன தபா எப்பிடி செஞ்சீங்களோ அப்பிடியே செய்யணும். ஊரு மொத்தமும் கேக்கணும். ஒவ்வொருத்தரா வந்து இது தல மேல கைய வச்சி, இன்னா குத்தம்னு வாய் தொறந்து அம்மன் கிட்ட சொல்லணும். 'கை பூட்டவன் நாயம் கேட்டான், அதான் குத்தம்'னு சொல்லுங்க. மொணமொணன்னு சொல்லாதீங்க, சத்தமா சொல்லுங்க. நாளைக்கி எங்கியாச்சும் தேவப்படும்."

மேளக்காரன் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு தலைவரைப் பார்த்தான். தலைவர் திருவேங்கடத்தைப் பார்த்தார். திருவேங்கடம் மேலே பார்த்தார். அங்கே மின்விசிறி இல்லை, வானம்தான் இருந்தது. துரை கூட்டத்தின் பின்பக்கமாக நழுவிப் போனான். சிவப்பிரகாசம், "இன்னிக்கி நாளு சரியில்ல, இன்னொரு நாளு பாத்துக்கலாம்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

ஆதியம்மாள் ஆட்டைத் திருப்பி ஓட்டிக்கொண்டு வந்தாள். மாரி வீட்டு வாசலில், கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"இன்னாமே, வெட்டலியா?"

"சாட்சிய எவனாச்சும் வெட்டுவானா? புடிச்சிக் கட்டு. அவுரு லாஞ்சுக்குப் போற வழி பாத்துக் கட்டு. நான் போயி தழ ஒடிச்சிகினு வரேன்."

மாரி இடது கையால் கயிற்றை வாங்கினான். வலது கையில் மிச்சமிருந்த இரண்டு விரலால் நுனியைப் பிடித்து, மெதுவாக, இறுக்கமாக முடிச்சுப் போட்டான்.